முந்தியது யார்?

கேள்வி: அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்தில் கெட்டி யார், ஆண்களா பெண்களா?

பதில்: ஆண்கள் அணி காதில் விழாமல் கேளுங்கள், பாவம்! 2025 வரை அவர்கள் வாங்கிய தேசியப் பட்டங்கள் 6. வேறு கல்லூரியாக இருந்தால் கோயிலே கட்டியிருப்பார்கள். இங்கே பெண்கள் கணக்கு 12! அந்தப் பன்னிரண்டாவதை வாங்கித் தந்தபோது பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மாவுக்கு வயது 71. 1985-இல் வந்து உட்கார்ந்த மனிதர். பெண்கள் ஒருமுறை தொடர்ந்து 111 ஆட்டங்கள் ஜெயித்தார்கள். 2017-இல் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தவர் மிசிசிப்பி ஸ்டேட்டின் மோர்கன் வில்லியம், கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில். உயரம் ஐந்தடி ஐந்தங்குலம்தான்!

2004, 2014 இரண்டு வருடமும் இரு அணிகளுக்கும் பட்டம். ஆண்கள் திங்கட்கிழமை, பெண்கள் செவ்வாய்க்கிழமை. ஆண்கள் முந்தியது அந்த ஒரு நாள்தான்.