வருகை தாமதித்தால்

நாசரேத் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 1980-களில் எங்கள் சபையில் ஞாயிறு அறிவிப்புகள் எல்லாம் இப்படித்தான் தொடங்கும்: “கர்த்தருடைய வருகை தாமதித்தால், வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம்.” கல்யாணப் பத்திரிகையிலும் அந்த வார்த்தை இருக்கும். ஆச்சி மறுநாள் இட்லிக்கு அரிசி ஊறப்போடும்போதும் அதைச் சொல்லுவாள். இயேசு திரும்பி வருவதை அறிவிக்கும் எக்காளம் இன்று ராத்திரியே தொனிக்கலாம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

ஒரு தடவை, எல்லைப் பனை யாருக்கு என்று ஆச்சிக்கும் பக்கத்து வீட்டு மைனிக்கும் பெரிய சண்டை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அரிக்கேன் விளக்கை என் கையில் கொடுத்துக் கூட்டிப்போனாள். மைனி கதவைத் திறந்ததும், “இன்னைக்கு ராத்திரி ஆண்டவர் வந்துட்டாருன்னா, நாம ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நிப்போம் மைனி?” என்றாள். மைனி கொஞ்ச நேரம் வாசற்படியையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கருப்பட்டிக் காபி போட்டாள். மரம் யாருக்கு என்பது அன்றைக்கு முடிவாகவில்லை. பேச்சு மட்டும் திரும்ப வந்துவிட்டது.

வருகைக்கு நாள் குறித்துக் காத்திருந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லரை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று விடிய விடியக் காத்திருந்து அழுதார்கள். திருவிதாங்கூரில் ஒரு கூட்டம் 1881-ஐ எதிர்பார்த்தது. 1988-ல்தான் வருகை என்று எண்பத்தெட்டுக் காரணம் சொல்லி ஓர் அமெரிக்கப் புத்தகம் வந்தது. அதை யாரோ சொன்னபோது ஆச்சி, “நாள் தெரிஞ்சிட்டா முந்தின நாள் வரைக்கும் தூங்கலாம்லா? அதான் ஆண்டவர் சொல்லல” என்றாள். அந்த நாளைப் பிதா ஒருவரே அறிவார் என்னும் மத்தேயு 24-க்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

அதே ஆச்சிதான் வருஷம் தவறாமல் மழைக்கு முன்னே பனங்கொட்டை ஊன்றினாள். பனை பதநீர் தரப் பதினைந்து, இருபது வருஷம் ஆகும். இன்றிரவு வருகிறவருக்காகக் காத்திருந்தவள், என்றோ யாரோ குடிக்கப்போகும் பதநீருக்கும் குழி தோண்டினாள்.

இன்று அவள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், எழும்பும்போது கிழக்கைப் பார்த்து எழும்பும்படி கிழக்கே கால் நீட்டிப் படுத்திருக்கிறாள். நான் சென்னையில் இருபது வருஷ வீட்டுக்கடன் கட்டுகிறேன். சபையின் வருஷ நிகழ்ச்சி முழுவதும் ஜனவரியிலேயே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. வருகை தாமதித்தால் என்ற வார்த்தை அதில் இல்லை. திருவிருந்து எடுக்கிறேன். அது கர்த்தர் வரும்வரைக்கும்தான் என்று பவுல் எழுதியது நினைவுக்கு வருவதில்லை.

இருபது வருஷத்துக்குத் திட்டம் போட்டது தப்பில்லை, ஆச்சியும் போட்டாள். ஆனால் ஆச்சியின் நிலத்தைப் பங்கு வைத்ததில் தம்பியோடு எனக்கு மூன்று வருஷமாகப் பேச்சில்லை. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றே ஆயிரம் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். ஆச்சியால் ஒரு ராத்திரிகூட அப்படித் தூங்க முடியவில்லை.

நேற்று பத்தரை மணிக்கு அவனுக்குப் போன் போட்டேன்.

“என்னண்ணே, இந்நேரத்துல? ஒண்ணுமில்லயே?”

“ஒண்ணுமில்லடே. பேசாமப் படுக்க முடியல.”

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை. பிறகு பேசினோம். அடுத்த மாதம் ஊரில் உட்கார்ந்து நிலத்தைப் பேசி முடிப்பதாக ஏற்பாடு. போனை வைக்கப்போகும்போது, அவனாகவே மெதுவாகச் சொன்னான்:

“வருகை தாமதித்தால்.”