பட்டியலைக் கவாத்து பண்ணு, பேராண்டி

அந்தத் தாளை இங்கிட்டு கொண்டா பேராண்டி. சோபியா, ரிலா, பான்ஸ்கோ, ப்ளோவ்திவ், கசன்லக், வெலிகோ தர்னோவோ, வர்ணா, நெசெபர், புர்காஸ், அதுக்கப்பறம் ‘நேரம் இருந்தா இஸ்தான்புல்’. பதினாலு நாளு, பத்து ஊரு. அடேங்கப்பா! ஓட்டுக் கேட்டு வர்றவய்ங்ககூட இம்புட்டு வெரசா ஊரு மாறுறதில்லையேடா. அவய்ங்களாச்சும் வாசல்ல நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவாய்ங்க. நீ கும்பிடக்கூட நேரம் ஒதுக்கலையே.

ஊருல இருக்குற நாட்டையெல்லாம் விட்டுட்டு இவன் எதுக்குப் பல்கேரியாவுக்குப் போறான்னு உங்கம்மா பொலம்புறா. நான் பொலம்பலை. உங்கக்கா மகளைக் கூப்பிட்டு, செல்லுல அந்த நாட்டைத் தேடி வாசிக்கச் சொல்லி ரெண்டு பொழுதா கேட்டுட்டேன். தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சின்ன நாடு. சனம் சுமாரா 65 லட்சம்தானாம். அம்புட்டு எடத்துல இத்துனூண்டு சனம். துண்டு போட்டு சீட்டுப் புடிக்க வேண்டாம்டா, நின்னு நிதானமாப் பாக்கலாம்.

அந்த நாட்டுக்கு நடுவால கெழமேலா ஓடுற மலைக்குப் பேருதான் பால்கன். அதுக்குத் தெக்க ஸ்ரெட்னா கோரான்னு இன்னொரு மலை. ரெண்டுக்கும் நடுவுல ரோசாப் பள்ளத்தாக்கு. ரெண்டு பக்கமும் மலை, நடுவுல வெள்ளாமை. எங்கயோ பாத்த மாதிரி இல்ல? இப்ப நீ நிக்கிற எடத்தைத்தான் சொல்றேன். இந்தப் பள்ளத்தாக்கை நீ பாத்த லட்சணம் எனக்குத் தெரியும். சின்னமனூர்ல இருந்து 18 கொண்டை ஊசி வளைவு ஏறி மேகமலைக்குப் போயி, தேயிலைக்கு முன்னாடி நின்னு போட்டோ புடிச்சு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துட்ட. காட்டுமாடு பாத்தியாடான்னு கேட்டா, ‘சிக்னல் இல்ல தாத்தா’ங்குற.

திராட்சைத் தோட்டத்துல பொறந்தவனுக்கு நான் சொல்லித் தரணுமா? கவாத்து பண்ணாத கொடி பந்தல் முழுக்கப் படரும், எலையாத் தள்ளும், கொலை விடாது. உன் பட்டியலும் அப்படித்தான் படந்து கெடக்கு. கத்திரியை எடு.

மொதல்ல இஸ்தான்புல்லை வெட்டு. அது வேற நாடு, அதுக்கு வேற விசா, இன்னொரு வருசத்துச் சோலி. அடுத்து வர்ணா, நெசெபர், புர்காஸ் மூணும் போகட்டும். சோபியாவுல இருந்து வர்ணா 440 கிலோமீட்டராம். மே மாசக் கருங்கடல்ல காலை வச்சா வெறைச்சுப் போகும். உனக்குக் குத்தாலத்துலயே குளுரும். ஆகாயத்துலயும் ரெண்டு நா போயிரும், அதையும் கழிச்சுக்க. மதுரையில ஏறினாலும் சரி, குமுளி மலை தாண்டிக் கொச்சியில ஏறினாலும் சரி, நடுவழியில எங்கயாச்சும் எறங்கி மாறித்தான் ஆகணும்.

ரிலா மலையில ஏழு ஏரியைச் சுத்தி நடக்கப் போறேன்னு எழுதியிருக்க. இதுல மட்டும் கேலி பண்ண மாட்டேன். அந்த ஏரியெல்லாம் 2,100 மீட்டருக்கு மேல இருக்கு, மே கடைசியிலயும் பனி கெடக்கும், நடக்குறவய்ங்க ஜூலைக்கு மேலதான் போவாய்ங்க. 2018 மார்ச் 11-ந் தேதி நம்ம குரங்கணி மலையில தீப்புடிச்சப்ப 23 பேரு செத்தாய்ங்க. வெளியூர்ல இருந்து மலையேற வந்த புள்ளைக. மலை எப்பக் காயும், எப்ப எரியும்னு மலையடிவாரத்துல இருக்குறவனைக் கேட்டுட்டு ஏறணும்டா. ஏரியை அடி. அதே ரிலாவுல இருக்குற மடத்தைப் பாரு. பத்தாம் நூத்தாண்டுல தொடங்குனது, 1833-ல எரிஞ்சு போயி மறுபடி கட்டுனது. வேன் வாசல் வரைக்கும் போகுதாம்.

எப்பப் போறதுங்குறதுதான் பெரிய கேள்வி. செப்டம்பர்ல போனா வெயிலு எதமா இருக்கும்னு உன் சேக்காளி சொல்றானாம். இருக்கும்டா, யாரு இல்லைன்னா? ஆனா இங்க கதிர் முத்துற நேரம்... அதை விடு, அங்க செப்டம்பர்ல ரோசா இருக்காது. டிசம்பர்ல பனிச்சறுக்கா? உனக்கு வரப்புலயே கால் நிக்காது. ஜூலை, ஆகஸ்ட்ல அங்கயும் கூட்டம், வாடகையும் கூட. நான் சொல்றேன் கேளு. ரோசா பறிக்கிறது மே நடுவுல தொடங்கி ஜூன் நடுவுல முடியும். வீரபாண்டித் திருவிழா முடிஞ்ச கையோட கெளம்பு. கௌமாரியம்மனுக்கு உங்கம்மா தீச்சட்டி நேந்திருக்கா, அது முடியாம உன்னை விடவும் மாட்டா.

அப்பக் காகித வேலையை இப்பவே ஆரம்பி. 2025 ஜனவரி 1-ல இருந்து பல்கேரியா முழுசா ஷெங்கன் கூட்டத்துல சேந்துருச்சு. ஆறு மாசத்துக்கு முன்னாடியே விசாவுக்குக் குடுக்கலாம், கடைசி 15 நாளுக்குள்ள போயி நின்னா வாங்க மாட்டாய்ங்க. 90 யூரோ கட்டணம். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேற. பேங்குக் கணக்கு, தங்குற எடத்து ரசீதுன்னு அவய்ங்க கேக்குறதைப் பாத்தா, பொண்ணு கேட்டுப் போனப்பகூட என்னை இம்புட்டுக் கொடையலை. இன்னொண்ணு, 2026 ஜனவரி 1-ல இருந்து அங்க யூரோதான் காசு. பழைய லெவா நோட்டை எவனாச்சும் சில்லறைன்னு தள்ளிவிட்டா வாங்கிட்டு வந்து எனக்குக் காட்டாத.

பான்ஸ்கோவுக்குக் காரு வாடகைக்கு எடுக்குறேன்னு போட்டிருக்க பாரு, அங்கதான் எனக்கு வயிறு எரியுது. செப்டெம்வ்ரிங்குற ஊர்ல இருந்து தோப்ரினிஷ்தே வரைக்கும் ஒரு குட்டி ரயிலு ஓடுதுடா. 125 கிலோமீட்டரு, அஞ்சு மணி நேரம். தண்டவாள அகலம் 760 மில்லிமீட்டர், நம்ம பழைய மீட்டர்கேஜைவிடச் சின்னது. நடுவுல அவ்ராமோவோன்னு 1,267 மீட்டர் ஒசரத்துல ஒரு ஸ்டேஷன், பால்கன் வட்டாரத்துலயே ஒசந்தது அதுதான். பான்ஸ்கோவும் அந்த வழியிலதான் இருக்கு. மதுரையில இருந்து போடிக்கு 1928-ல வந்த ரயிலு ஆண்டிபட்டிக் கணவாய்ல ஏறும் பாரு, எறங்கி ஒண்ணுக்குப் போயிட்டு ஓடி வந்து ஏறிக்குவோம். சீட்டுக்கு அடியில ஏலக்கா மூட்டை, மடியில கோழி, சன்னல்ல கரி. 2010 கடைசியில அகலப்பாதை போடுறேன்னு நிறுத்துனாய்ங்க. போடிக்குத் திரும்பி வந்தது 2023 ஜூன் 15. பன்னெண்டரை வருசம்! நிறுத்துனப்ப நீ டவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச, வந்தப்ப உனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருந்தோம். அவய்ங்க அந்தச் சின்ன ரயிலை இன்னமும் ஓட்டுறாய்ங்க. காரை அடிச்சுட்டு அதுல ஏறு. சன்னல் ஓரமா உக்காரு. செல்லைப் பைக்குள்ள போடு.

ப்ளோவ்திவ்ல ரெண்டு ராத்திரி. ரோமாக்காரன் கட்டுன கல்லு அரங்கம் மண்ணுக்குள்ள கெடந்து வெளிய வந்திருக்கு, இன்னைக்கும் அதுல பாட்டு, கூத்தெல்லாம் நடத்துறாய்ங்க. மிச்ச நாளைப் பூராவும் கசன்லக்ல போடு. நெசமாத்தான் சொல்றேன், ஒரே ஊர்லதான். பொழுது ஏறுனா மணத்தெண்ணெய் வெயிலோட போயிரும்னு விடியக்காலையிலயே ரோசாவைப் பறிச்சிருவாய்ங்க. ஒரு கிலோ எண்ணெய்க்கு மூவாயிரத்துல இருந்து நாலாயிரம் கிலோ வரைக்கும் பூ வேணுமாம். சீலையம்பட்டி மார்க்கெட்டுக்குப் பூ கட்டி அனுப்புன உங்கப்பத்தா இதைக் கேட்டுட்டு, ‘அம்புட்டுப் பூவும் கொதிக்கிற அண்டாவுக்கா?’ன்னு நெஞ்சுல கையை வச்சுட்டா. நீ எட்டு மணிக்கு எந்திரிச்சுப் போனியானா வெறுஞ்செடியைத்தான் பாப்ப.

அதே ஊர்ல பழைய திரேசிய ராசா கல்லறை ஒண்ணு இருக்கு. 1944-ல தோண்டி எடுத்தது, உள்ளாற ஓவியம். மூச்சுக்காத்துப் பட்டா ஓவியம் கெட்டுரும்னு அசலைப் பூட்டிட்டுப் பக்கத்துலயே நகலைக் கட்டிக் காட்டுறாய்ங்க. காசு குடுத்து நகலைப் பாக்கத் துடிக்கிற. அசலு கண்ணகி கோயிலு நம்ம மலைமேல, வருசத்துல ஒரே நாளு, சித்ரா பௌர்ணமிக்குத் தொறக்குது. பளியன்குடியில இருந்து கெழவிக எல்லாம் நடந்து ஏறுறாளுக. நீ எத்தனை பௌர்ணமிக்கு லீவு போட்டிருக்க?

புஸ்லுஜாவையும் சேத்துக்க, சிரிப்பாணியா இருக்கும். அப்ப ஆண்ட கட்சிக்காரய்ங்க 1981-ல மலை உச்சியில பறக்கும் தட்டு மாதிரி ஒரு மாநாட்டு மாளிகை கட்டியிருக்காய்ங்க. எட்டே வருசத்துல ஆட்சி கவுந்துச்சு. இப்ப உள்ள விடுறதில்லை, கூரை ஒழுகுது. நம்ம ஊர்ல அந்தத் தப்பைப் பண்ண மாட்டாய்ங்கடா, பந்தலைப் போட்டு மறுநாளே பிரிச்சுருவாய்ங்க.

ஸ்த்ரான்ஜா மலையில பல்கரின்னு ஒரு கிராமம். ஜூன் மொத வாரத்துல சாமி படத்தைக் கையில தூக்கிக்கிட்டு நெருப்புல நடக்குறாய்ங்களாம். 2009-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏத்துனாய்ங்க. அதைப் பாக்க ரெண்டு நா கூட இருந்துட்டு வரவான்னு ஓரத்துல கேள்விக்குறி போட்டு வச்சிருக்க. பூக்குழி பாக்க விமானம் ஏறணுமாடா? பக்கத்தூர் மாரியம்மன் கோயில்ல எறங்கு, பாக்க மட்டுமில்லை, மிதிக்கவும் விடுவாய்ங்க. அதை அடி.

தலையை மட்டும் அடக்கு. அங்க மேலுங்கீழும் ஆட்டினா ‘இல்லை’, பக்கவாட்டுல ஆட்டினா ‘ஆமா’. நம்ம ஆட்டுறது ரெண்டுலயும் சேத்தி இல்லை. வீட்டுக்கார அம்மா இன்னும் கொஞ்சம் ஊத்தவான்னு கேட்டா, நீ போதும்னு நெனச்சுத் தலையைப் பக்கவாட்டுல ஆட்டுவ, அவ ஊத்திக்கிட்டே இருப்பா. என்னத்தை ஊத்துறாங்குறதுதான் விசயம். தராத்தோர்னா பயமில்லை, தயிரைத் தண்ணியாக் கரைச்சு வெள்ளரிக்கா, பூண்டு, அக்ரூட் போட்ட குளுந்த ரசம். வெயிலுக்கு நல்லது. தயிரு அவய்ங்க பெருமை, அதைப் புளிக்க வைக்கிற கிருமிக்கே நாட்டுப் பேருதான். ராக்கியான்னா மட்டும் உசாரு. திராட்சையில காய்ச்சுன சரக்கு, தொண்டையில எறங்குறப்பவே ஊரு தெரியும். 2023-ல புவிசார் குறியீடு வாங்குன நம்ம பன்னீர்த் திராட்சையை நாம வெறும் பழமாத் தின்னு தீக்குறோம். அங்க எப்படிக் காய்ச்சுறாய்ங்கன்னு சும்மா பாத்துட்டு வா. ருசி பாத்தியான்னு நான் கேக்க மாட்டேன், எம்புட்டுக் கொண்டாந்தன்னுதான் கேப்பேன். உங்கப்பத்தா காதுல விழ வேண்டாம்.

திரும்புற டிக்கெட்டை மே 30-க்கே போட்டுரு. ஜூன் 1-ந் தேதி முல்லைப்பெரியாறுல மொதப் போகத்துக்குத் தண்ணி தொறப்பாய்ங்க, 14,707 ஏக்கருக்கு. பூத்தூவ மந்திரி வந்துருவாரு. நாத்தங்காலு உழுகத்தான் ஆளில்லை. டிராக்டர்காரன்கிட்ட அன்னைக்குக் காலையில ஆறு மணிக்குன்னு உன் பேரைச் சொல்லியாச்சு. அட்வான்சும் உன் கணக்குலதான் எழுதச் சொல்லியிருக்கேன்.