ஊருக்கு ஒரு ஆம்ப், காதுக்கு ஒரு ஆம்ப்

ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வருவது மாமாவின் சாம்பல் நிறத் தகரப் பெட்டிதான். கோவில்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊரில் மைக் செட் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். சடங்கு வீடு, கல்யாணம், அம்மன் கொடை, எலெக்‌ஷன் கூட்டம் எதுவானாலும் அந்த 40 வாட் அஹூஜா ஆம்ப் சைக்கிள் கேரியரில் ஏறிவிடும். கரண்ட் இல்லாத இடமென்றால் கூடவே ஒரு லாரி பேட்டரியும் போகும். பள்ளிக்கூடம் விட்டதும் அவருக்கு வயர் சுற்றிக்கொடுப்பது என் வேலை.

1984-ல் எனக்குப் பத்து வயது. அந்த வருஷக் கொடையில் ராத்திரி பத்து மணிக்குப் பாட்டு பாதியில் நின்றுவிட்டது. கோயில் கமிட்டிக்காரர்கள் சுற்றி நின்று, "ஆம்ப் போயிருச்சு, கோவில்பட்டியில இருந்து வேற எடுத்துட்டு வாரும்" என்று சத்தம் போட்டார்கள். மாமா ஆம்பைத் தொடவே இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வயரைப் பிடித்தபடி நடந்தார். வேப்பமரத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்த இடத்தில், காற்றில் ஆடி ஆடி ஒரு முனை விட்டுப் போயிருந்தது. பல்லால் வயரைச் சீவி, முறுக்கி மாட்டிவிட்டு இறங்கினார். பாட்டு வந்தது. "சத்தம் வரலன்னா முதல்ல முனையப் பாக்கணும் மருமவனே. ஆம்பக் கடைசியில பாரு."

அவர் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர் இல்லை. ஆனால் ஆம்பின் பின்பக்கத்தில் 4, 8, 16 என்று எழுதியிருந்த முனைகளில் எதில் எதை மாட்டுவது என்பதில் அவருக்குக் கை தடுமாறியதே இல்லை. ஒரு குழாய் என்றால் 16 ஓம்ஸ் முனை. இரண்டு குழாயைச் சேர்த்துக் கட்டினால் 8. "பதினாறும் பதினாறும் சேந்தா எட்டு" என்று அவர் சொன்னபோது கணக்கு தப்பாக இருக்கிறதே என்று குழம்பியிருக்கிறேன். பேரலல் சர்க்யூட் என்ற பாடம் எனக்குப் பள்ளியில் வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. வால்யூமைத் தேவைக்கு மேல் திருகினால், குழாய்க்குள் சத்தம் எழுப்பும் யூனிட்டின் டயஃப்ரம் கருகிவிடும் என்பதும் அவர் சொல்லித் தெரிந்ததுதான். கல்யாண வீட்டில் யாராவது குமிழில் கை வைத்தால் விரலைத் தட்டிவிடுவார். "யூனிட் தாங்குற அளவுக்குத்தாம்ல ஆம்பு."

அந்தக் குழாயில் அடித்தொனி வராது. தபலாவும் பேஸ் கிதாரும் இருப்பதே தெரியாமல் நூற்றுக்கணக்கான பாட்டுகளை மனப்பாடம் செய்தவன் நான். 1987-ல் பெரியப்பா மகன் ஷார்ஜாவிலிருந்து வாக்மேன் கொண்டுவந்தான். ஆரஞ்சு நிற பஞ்சு வைத்த ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டி, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேசட்டைப் போட்டான். அதற்கு முந்தைய வருஷம் வந்த இசைத்தொகுப்பு அது. வி. எஸ். நரசிம்மனின் வயலின் ஒரு பக்கம் எழ, மற்ற வயலின்கள் சுற்றி நின்று பதில் சொன்னதைக் கேட்டபோது, ஒரு வீட்டுக்குள் முதல்முறை நுழைந்தவன்போல நின்றேன். அதுவரை அந்த வீட்டின் வாசலை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இரண்டே பென்சில் செல்லில் அது பாடியது. செல் தீர்ந்தால் பாட்டு இழுக்கும். வெயிலில் காயவைத்து இன்னும் அரை மணி நேரம் கேட்போம்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், போன வருஷம் நான் வாங்கிய ஓர் உள்ளங்கை ஆம்ப்.

என் ஃபோனில் ஹெட்ஃபோன் மாட்டும் ஓட்டை இல்லை. சார்ஜ் போடும் இடத்தில் ஒரு சின்ன டாங்கிளைச் செருகி, அதில் இன்-இயர் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்கிறேன். ஹெட்ஃபோனின் விலை இரண்டாயிரத்து ஐந்நூறு. கடையில் விற்ற தம்பி, "ஆம்ப் இல்லாம இது முழுசாப் பேசாது சார்" என்றார். தெரிந்தவர்கள் பலரும் அதையே சொன்னார்கள். இசை என்றால் எனக்கு உயிர். கேட்காமல் விட்டது ஏதாவது இருக்குமோ என்ற எண்ணம் வந்துவிட்டால் தூக்கம் வராது. பேட்டரியோடு கூடிய ஆம்ப், ஒன்பதாயிரம் ரூபாய். வாங்கினேன்.

முதல் நாள் கேட்டபோது அபாரமாக இருந்தது. எல்லாம் துலங்கிவிட்டதுபோல் தோன்றியது. ஒரு வாரம் கழித்துத்தான், அது டாங்கிளைவிடச் சற்றுக் கூடுதல் சத்தமாகப் பாடுகிறது என்பது உறைத்தது. மனிதக் காதின் இயல்பு இது. ஒரே பாட்டை ஒரு டெசிபல் கூட்டி வைத்தால், சத்தம் கூடியதாகத் தோன்றாது. தரம் கூடியதாகத் தோன்றும். ஆகவே இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

டிவி மெக்கானிக்காக இருக்கும் நண்பரிடம் மில்லிவோல்ட் காட்டும் மீட்டர் ஒன்றை வாங்கிவந்தேன். நான் வழக்கமாகக் கேட்கும் இடத்தில் வால்யூமை நிறுத்தி, முழு அளவில் பதிவான 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஹெட்ஃபோன் முனையில் அளந்தேன். வீட்டுக் கரண்டின் அதிர்வெண்ணும் அதுதான் என்பதால் சாதாரண மீட்டரும் அந்த இடத்தில் சரியாகக் காட்டும். டாங்கிளில் 70 மில்லிவோல்ட் வந்தது. இப்படிப்பட்ட சின்ன டாங்கிள்கள் பலவும் 1 வோல்ட் அளவுக்குத் தரக்கூடியவை. அதாவது பாட்டின் உச்சத்தில்கூட, இருப்பதில் பதினைந்தில் ஒரு பங்கைத்தான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியில் அச்சிட்டிருந்த கணக்கும் அதையே சொன்னது. என் ஹெட்ஃபோன் 16 ஓம்ஸ். 1 மில்லிவாட் கொடுத்தால் 106 டெசிபல். நிதானமாகக் கேட்கும் 80 டெசிபலுக்கு 1 மில்லிவாட்டில் 400-ல் ஒரு பங்கு போதும். புது ஆம்போ 300 மில்லிவாட் தரும். அந்தச் சக்தி முழுவதையும் இந்தக் குட்டி டயஃப்ரத்தில் இறக்கினால் என்ன ஆகும் என்று மாமாவிடம் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்.

மீட்டரை வைத்து இரண்டையும் சமப்படுத்திவிட்டு, என்னைக் கண்ணை மூடச் சொல்லி மகள் மாற்றி மாற்றிச் செருகினாள். இருபது முறையில் பதினொன்று சரியாகச் சொன்னேன். பூவா தலையா போட்டாலும் அவ்வளவு வரும். பிறகு தனியாக உட்கார்ந்து உற்றுக் கேட்டபோதுதான் இரண்டு வித்தியாசங்கள் தெரிந்தன. இரண்டும் ஆம்புக்கு எதிரானவை. பாட்டுக்கு முந்தைய மௌனத்தில் ஆம்பிலிருந்து மெல்லிய 'ஸ்ஸ்' கேட்டது, பழைய கேசட்டில் கேட்குமே அதேபோல். குமிழைத் தொடக்கத்தை ஒட்டிய இடத்திலேயே நிறுத்த வேண்டியிருந்ததால் இடது காதில் சத்தம் சற்றுத் தூக்கலாக இருந்தது. அனலாக் வால்யூம் கன்ட்ரோல்களில் அடிமட்டத்தில் இரண்டு பக்கமும் ஒத்துப்போவது அரிது. ஆம்பின் குறை இல்லை அது. அதன் இடம் இந்தக் காது இல்லை, அவ்வளவுதான்.

எங்கே ஆம்ப் வேண்டும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவரிடம் 300 ஓம்ஸ் ஹெட்ஃபோன் இருக்கிறது, காதை முழுக்க மூடும் பெரிய வகை. டாங்கிளில் அது சோர்ந்து பாடும். இந்த ஆம்பில் எழுந்து நின்று பாடியது. ஆம்ப் இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறது. இன்-இயரிலும் விதிவிலக்கு உண்டு. 1991-ல் எட்டிமோட்டிக் கொண்டுவந்த ஈஆர்-4 வரிசையில் 'எஸ்' ரகம் 100 ஓம்ஸ். அதற்குச் சற்று வலு வேண்டும். பாக்கெட் பிளேயர்களுக்கென்றே 27 ஓம்ஸில் 'பி' ரகத்தையும் அவர்கள் செய்தார்கள். இன்றைய பிளானர் வகை இன்-இயர்களில் சில, சக்தியைக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும்.

இன்னொன்று உண்டு, அது பலர் கவனிக்காதது. மூலக்கருவியின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது அதன் பக்கத்து ஓம்ஸ், கூடுதலாக இருந்தால், பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற குட்டி ஒலி எழுப்பி வைத்த இன்-இயரின் தொனியே மாறிவிடும். ஹெட்ஃபோனின் ஓம்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் அது இருக்க வேண்டும் என்பது பொது வழக்கு. 16 ஓம்ஸுக்கு 2. பழைய லேப்டாப்பில் கேட்பவருக்கு இதனால் தொல்லை வரலாம். ஆனால் அதைத் தீர்க்கவும் ஒரு நல்ல டாங்கிள் போதும். டாங்கிளுக்குள் இருப்பதும் ஆம்ப்தானே. ஏற்கெனவே ஓர் ஆம்ப் உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது, அது போதவில்லை என்று காது சொன்னால் மட்டும் அடுத்ததற்குப் போகலாம்.

அப்படியென்றால் என் ஹெட்ஃபோனில் எனக்குக் குறையாகத் தெரிந்தது என்ன? அடித்தொனி. அதற்கு மருந்து ஹெட்ஃபோனோடு வந்த சின்னப் பையிலேயே இருந்தது. மூன்று அளவுகளில் ரப்பர் டிப். இத்தனை நாளும் நடு அளவைப் போட்டுக்கொண்டிருந்தேன். வலது காதுக்குப் பெரியதை மாற்றியதும் இடைவெளி அடைபட்டது. கீழே இருந்ததெல்லாம் எழுந்து வந்தது. காதுக்கும் டிப்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் அடித்தொனி வெளியே வழிந்துவிடும். எந்த ஆம்பாலும் அதை நிரப்ப முடியாது. ஒன்பதாயிரம் ரூபாய் மாற்றாததை ஒரு ரப்பர் துண்டு மாற்றியது. இன்-இயர் வாங்கும் எல்லோரிடமும் இதை முதலில் சொல்கிறேன்.

சத்தத்தைப் பற்றியும் சொல்கிறேன். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. இதை நான் புள்ளிவிவரமாகப் படிக்கவில்லை. முப்பது வருஷம் குழாய்க்குக் கீழே நின்ற மாமாவுக்கு இப்போது இரண்டு காதிலும் மெஷின். அந்த மெஷினுக்குள் ஒலியை எழுப்பும் ஆர்மேச்சர்தான் பிறகு இன்-இயர் ஹெட்ஃபோனுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஹெட்ஃபோனை எடுத்துப்போனேன். மெஷினைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டு, அவராகவே காதில் செருகிக்கொண்டார். 'ஹவ் டு நேம் இட்' ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டார். முகம் தெளியவில்லை. "அடிச் சத்தம் வரலியேல" என்றார்.

நான் ஃபோனில் வால்யூமைக் கூட்டப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். இயர்பீஸை வெளியே எடுத்தார், ரப்பரை விரலால் தடவிப் பார்த்தார், பையைக் கேட்டு வாங்கி அதிலிருந்து பெரியதைப் பொறுக்கி மாட்டினார். இடது கையால் தலைக்குப் பின்னால் சுற்றிவந்து வலது காதை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாக உள்ளே அழுத்தினார். அடுத்த காதுக்கும் அதேபோல். பிறகு அவர் விரல் கயிற்றுக்கட்டிலின் சட்டத்தில் தாளம் போட ஆரம்பித்தது.

பாட்டு முடிந்ததும் வயரை விரலால் பற்றிக்கொண்டே வந்து, ஃபோன் முனையில் இருந்த டாங்கிளில் நின்றார். "ஆம்பு இதுவா?"

தலையாட்டினேன்.

"யூனிட் எத்தன ஓம்ஸு?"

காது அடைத்திருந்ததால் அவர் உள்ளங்கையில் விரலால் 16 என்று எழுதிக் காட்டினேன். சரி என்று தலையசைத்துவிட்டு, அடுத்த பாட்டைப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.