நலக்குழு அட்மின்: ஓர் இனவரைவு

தமிழ்நாட்டுச் சமூக வகையினருள் அண்மையில் தோன்றி, எவரும் நட்டு வளர்க்காமலேயே செழித்துப் பெருகியவர் நலக்குழு அட்மின் ஆவார். அட்மின் என்பது வாட்ஸ்அப் குழுவொன்றைத் தொடங்கி, அதில் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது, யாரைப் பேசவிடுவது என முடிவு செய்யும் அதிகாரம் உடையவரைக் குறிக்கும். நலக்குழு என்பது அவ்வதிகாரத்தைக் கொண்டு உடல்நலச் செய்திகளைப் பரப்புவதற்கும், பரப்பிய செய்திக்குப் பொருத்தமான பொடியை விற்பதற்கும் அமைந்த ஏற்பாட்டைக் குறிக்கும். இவர் முன்னர் ஆயுள் காப்பீட்டு முகவராகவோ, ஏலச்சீட்டு நடத்தியவராகவோ, விருப்ப ஓய்வு பெற்ற வங்கி ஊழியராகவோ இருந்திருப்பார். மருத்துவம் படித்தவர் இத்தொழிலுக்கு வருவது அரிது. படித்தவர்க்கு நோயாளிகள் இருப்பதால் குழுவில் நாள் முழுவதும் பதில் எழுத நேரம் கிடைப்பதில்லை.

இவ்வகையினரின் தோற்றத்தை 2020ஆம் ஆண்டின் ஊரடங்கோடு இணைத்துப் பார்ப்பது பொருந்தும். கபசுரக் குடிநீர் வீடுதோறும் கொதித்த அந்நாட்களில், எந்த நாட்டு மருந்துக் கடையில் சரக்கு இருப்பில் உள்ளது என்று முதலில் சொன்னவரே தெருவுக்கு மருத்துவராக மதிக்கப்பட்டார். தொற்று தணிந்த பிறகும் அம்மதிப்பைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. உறுப்பினர்களைச் சேர்க்க அவர் எங்கும் அலையவும் இல்லை. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் உடன் நடப்பவர்கள், அருகம்புல் சாறு விற்பவரைச் சுற்றி நிற்பவர்கள், பத்தாம் வகுப்பில் உடன் படித்தவர்கள், மைத்துனரின் குடியிருப்போர் சங்கத்தார் என ஏற்கெனவே கைப்பேசியில் இருந்த எண்களே அவருடைய முதலீடாக அமைந்தன.

அவருடைய நாள் காலை ஐந்து மணிக்குக் குரல்பதிவு ஒன்றுடன் தொடங்குகிறது. “இனிய காலை வணக்கம் உறவுகளே” என்ற விளிக்குப் பின் சற்றே இடைவெளி விட்டு, வெந்நீர் குடித்தாயிற்றா, நடந்தாயிற்றா, நேற்று இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாக அவர் விசாரிக்கும்போது, கேட்பவர் ஒவ்வொருவருக்கும் அவ்விசாரணை தமக்கென்றே செய்யப்பட்டது போலத் தோன்றுகிறது. மகனும் மகளும் வெளிநாட்டில் இருக்க, தனியே காப்பி கலந்து குடிக்கும் அறுபத்தைந்து வயதுப் பெண்மணியிடம் அன்று வேறு எவரும் அக்கேள்வியைக் கேட்கப் போவதில்லை என்பதை இவர் நன்கு அறிவார். அவர் நீல நிற அட்டையிட்ட ஒரு நோட்டில் உறுப்பினரின் பிறந்தநாள், மணநாள், பேரக்குழந்தையின் காதுகுத்து, கடைசியாக எடுத்த சர்க்கரை அளவு ஆகியவற்றை ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறார். பிறந்தநாள் வாழ்த்தும், “இந்த வயசுல எலும்புக்குச் சத்து வேணும்ங்க அக்கா” என்ற அறிவுரையும், சத்துமாவின் விலைப்பட்டியலும் ஒரே காலையில் வந்து சேர்வதற்கு அந்நோட்டே காரணம்.

குழுவை விட்டு விலகுவோரை இவர் கையாளும் முறை தனியாக ஆராயத் தக்கது. 2022ஆம் ஆண்டு வாட்ஸ்அப் செய்த மாற்றத்தால், ஒருவர் குழுவிலிருந்து வெளியேறினால் அச்செய்தி மற்ற உறுப்பினர் எவருக்கும் அறிவிக்கப்படாமல் அட்மினுக்கு மட்டும் சென்று சேர்கிறது. விலகுவோரின் மானம் காக்கச் செய்த இவ்வசதி, அவரைத் தனியே பிடித்து விசாரிக்கும் வாய்ப்பை அட்மினுக்குத் தந்துவிட்டது. பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்தவரைப் பெண் வீட்டார் விசாரிப்பது போல, அவர் பத்து நிமிடத்துக்குள் தொலைபேசியில் அழைப்பார். “ஏனுங்க மாமா, நம்ம மேல ஏதாச்சும் மனத்தாங்கலுங்களா?” என்று கேட்கப்பட்டவர் உண்மையைச் சொல்லத் துணிவதில்லை. “அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, பேத்தி போனை வெச்சு வெளையாடிட்டு இருந்தா” என்பதே மரபான விடை. குழந்தை செய்த பிழை உடனே திருத்தப்பட்டு, மாமா மீண்டும் சேர்க்கப்படுகிறார்.

ஒவ்வொரு நலக்குழுவிலும் உண்மையான மருத்துவர் ஒருவர் இருப்பார். அவர் பள்ளி நண்பராக இருந்த காரணத்தால் கேளாமலே சேர்க்கப்பட்டவர். சேர்ந்த முதல் வாரத்திலேயே குழுவின் ஒலியை நிறுத்தியவர். அதன்பின் ஒரு செய்தியையும் திறந்து பாராதவர். ஆயினும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புடன் கூடிய அவருடைய முகப்புப் படம் உறுப்பினர் பட்டியலில் இருப்பதே போதுமானது. “நம்ம குழுவுல டாக்டரும் இருக்காருங்க, தப்பா இருந்தா சொல்லியிருக்க மாட்டாரா?” என்ற வாதத்துக்கு மறுப்பு இல்லை. வாயே திறக்காத ஒருவரைச் சான்றாளராக்கிய பெருமை நம் நாட்டு நீதிமன்றங்களுக்குக்கூடக் கிடையாது.

வளர்ச்சியின் வழிமுறைகளை இனிச் சுருக்கமாகக் காணலாம். வாட்ஸ்அப் குழுவின் உச்ச வரம்பு 2016இல் 256 ஆகவும், 2022இல் முதலில் 512 ஆகவும் பின்னர் 1,024 ஆகவும் உயர்ந்தது. ஒவ்வொரு முறையும் இவர் அதைத் தம் சேவைக்குக் கிடைத்த அங்கீகாரமாகவே கருதினார். வதந்திகளைத் தடுக்கும் பொருட்டு 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டை இவ்வகையினர் மனைவியின் கைப்பேசி, மைத்துனரின் கைப்பேசி ஆகியவற்றின் துணையால் வென்றனர்.

பொடிகளின் இயல் விரிவானது. முருங்கைக்கீரைப் பொடி, ஆவாரம்பூப் பொடி, கருப்புக் கவுனிக் கஞ்சி மாவு, மரச்செக்கு எண்ணெய், கருப்பட்டி ஆகியவை இதில் அடங்கும். வெள்ளைச் சர்க்கரை விஷம் என்று காலையில் எழுதியவர் மாலையில் அதே நீரிழிவு நோயாளிகளுக்குக் கருப்பட்டியைக் கிலோ கணக்கில் அனுப்புகிறார். இரண்டிலும் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் ஒரே இனிப்புப் பொருளே என்பதும், அது எந்த நிறத்தில் உள்ளே சென்றாலும் இரத்தத்தில் சர்க்கரையாகவே சேரும் என்பதும் குழுவில் விவாதிக்கப்படுவதில்லை. பொட்டலத்தின் மீது அச்சிட்ட 14 இலக்க எண்ணைச் சுட்டி, “அரசு அங்கீகாரம் பெற்றது” என்று அவர் சொல்வார். அவ்வெண் உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் உணவு வணிகர் பெறும் உரிம எண்ணாகும். ஒரு பேக்கரியின் தேங்காய் பன்னுக்கும் அத்தகைய எண் உண்டு. பன் நோய் தீர்க்கும் என்று எந்தப் பேக்கரிக்காரரும் இதுவரை சொன்னதில்லை.

சட்டத்தை அவர் அறியாதவர் அல்லர். நீரிழிவு, புற்றுநோய், உடற்பருமன் முதலியவற்றைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954இலேயே இயற்றப்பட்டது. ஆகவே, அவர் எதையும் குணமாகும் என்று எழுதுவதில்லை. “பலர் பயன்பெற்றுள்ளனர்” என்று எழுதி, அடியில் “இது மருத்துவ ஆலோசனை அன்று” என்று சேர்த்து, குணமாகும் என்பதைத் தொலைபேசியில் சொல்கிறார். எழுத்தில் இத்தனை அடக்கமும் பேச்சில் இத்தனை தாராளமும் ஒருவரிடமே அமைவது பழைய காப்பீட்டுப் பயிற்சியின் விளைவு எனக் கொள்ளலாம்.

குழுவின் திருவிழா 21 நாள் சவாலாகும். இரவு உணவை ஏழு மணிக்குள் முடிப்பது, சோற்றைப் பாதியாகக் குறைப்பது, நாள்தோறும் அரை மணி நேரம் நடப்பது, காலையில் பொடியை வெந்நீரில் கலந்து குடிப்பது என்ற நான்கு விதிகளை உறுப்பினர் கடைப்பிடிக்கின்றனர். முதல் மூன்று விதிகளால் வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்குவது எந்த மருத்துவரையும் வியப்பில் ஆழ்த்தாது. ஆனால், பாராட்டு நான்காவது விதிக்கே சேர்கிறது, ஏனெனில் விலை உள்ளது அதற்கு மட்டுமே. சர்க்கரை இறங்கியவர் ஆய்வுக்கூடச் சீட்டைப் படமெடுத்துக் குழுவில் இடுகிறார்; இறங்காதவர் தாம் ஏதோ பத்தியம் தவறிவிட்டதாக நினைத்து வெட்கப்பட்டு மௌனமாகிறார். இவ்வாறு குழுவில் தோல்விகளே பதிவாவதில்லை. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையை இவர் விரும்புவதில்லை. இருபத்தொரு நாளில் முடிந்த அதிசயத்தை அது முழுமையாகக் காட்டாது.

இவரை வெறும் ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்குவது நேர்மையான ஆய்வாகாது. பலரை நடக்க வைத்தவர் இவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டவரும் இவரே. வெளிநோயாளிப் பிரிவின் நெரிசலில் மூன்று நிமிடம் பார்த்து அனுப்பப்பட்ட ஒருவருக்கு அக்கேள்வி மருந்தின் பாதியாக அமையக்கூடும். விசாரிப்புக்குப் பில் போட இயலாது என்பதால் அவர் பொடிக்குப் பில் போடுகிறார். தொழிலின் கேடெல்லாம் அவ்விடத்தில்தான் தொடங்குகிறது, குறிப்பாக மாத்திரையை நிறுத்தினால்தான் பொடி வேலை செய்யும் என்று அவர் சொல்லத் தொடங்கும் நாளில்.

அவருடைய தொழிலுக்கு ஒரே போட்டியாளர் அரசாங்கம்தான் என்பதை அவர் இன்னும் உணரவில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்படி, சுகாதாரத் தன்னார்வலரான பெண்கள் வீடு தேடி வந்து, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்து, மாத்திரைகளைக் கையில் கொடுத்து, ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போகின்றனர். அத்தகைய ஒருவரை இவர் தம் குழுவில் சேர்த்துப் பார்த்தார். அவருக்கு அன்று போக வேண்டிய வீடுகள் நிறைய இருந்ததால் செய்திகளைத் திறக்கவில்லை. அவர் கொண்டுவரும் மாத்திரைக்கு விலை கிடையாது.