தளம் வருமா, சம்பளம் வருமா?

கே: தாமிரபரணிப் பக்கம் ஒரு கார் பந்தயத் தளம் வந்தால் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமே? (வாசகர், வண்ணார்பேட்டை)

ப: கிரேட்டர் நொய்டாவிலும் அப்படித்தான் நினைத்தார்கள். ஜேபி குழுமம் அங்கே 5.125 கி.மீ. நீளத்துக்குப் புத் சர்வதேசப் பந்தயத் தளம் கட்டியது. 2011, 2012, 2013 என்று மூன்றே ஃபார்முலா ஒன் பந்தயங்கள்; மூன்றிலும் ஜெயித்தவர் செபாஸ்டியன் வெட்டல். இது விளையாட்டல்ல, கேளிக்கை என்று மாநில அரசு வரி கேட்டது. நிலம் கொடுத்த விவசாயிகள் கூடுதல் இழப்பீடு கேட்டார்கள். ஃபார்முலா ஒன் திரும்பிப் பார்க்கவில்லை. ஜேபி குழுமத்தின் ஜெய்பிரகாஷ் அசோசியேட்ஸ் நிறுவனம் 2024-இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. வெட்டல் மட்டும் நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தார்.

கே: கட்டுமானத்தில் உழைத்த ஆளுக்கு ஒப்பந்தக்காரர் கூலி தராமல் கம்பி நீட்டினால்? (வாசகர், மேலப்பாளையம்)

ப: வேலை வாங்கிய முதன்மை நிறுவனமே கொடுக்க வேண்டும் என்றது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். நிறுவனமே கலைக்கப்பட்டால், தொழிலாளியின் முந்தைய 24 மாத பாக்கிக்கு, அடமானம் வாங்கிய வங்கியோடு சம வரிசை என்கிறது 2016 திவால் சட்டம். வரிசையில் இடம் உறுதி; கவுன்ட்டரில் பணம் இருக்குமா என்பதுதான் கேள்வி!

கே: இலவசமாக உழைக்க ஆள் கிடைக்கவே மாட்டார்களா? (வாசகர், நெல்லை டவுன்)

ப: ஏன் கிடைக்காமல்? ஆனி மாதம் நெல்லையப்பர் தேரை ஊரே கூடி இழுக்கிறதே! அது பக்தி. அதைப் பார்த்து முதலாளி தப்புக்கணக்குப் போடக் கூடாது. எவராவது தளம் கட்ட வந்தால் திறப்பு விழாத் தேதியைக் கேட்காதீர்கள். சம்பளத் தேதியைக் கேளுங்கள்.