மேட்டுப்பாளையம் வரைக்கும் எல்லாரும் சூரன்தான்

எமரால்டு அணைக்கரைக்குப் பிக்னிக் வர்றீங்களாம்ல கண்ணுகளா? பேரன் போனை நீட்டிக் காட்டினான். குரூப்புல நாப்பது பேரு. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் நேர்ல பார்த்ததில்லையாம். போட்டோவைப் பார்த்தா பாதிப்பேரு பூனை, புலி, சினிமா நடிகரு. தேதி குறிக்க ஓட்டெடுப்பு, சாப்பாட்டுக்கு ஓட்டெடுப்பு, பனியன் கலருக்கு மட்டும் ரெண்டு தடவை ஓட்டெடுப்பு. சபாஷ்! எங்க மலைரயிலுக்கு மொதல்ல யோசனை சொன்னது 1854-ல. வேலை தொடங்கினது 1891-ல. ஊட்டிக்கு வண்டி வந்து நின்னது 1908-ல. நீங்க போற வேகத்துக்கு அந்த வெள்ளைக்காரனையே தோக்கடிச்சிருவீங்க.

ஊட்டியிலேர்ந்து எங்க ஊரு இத்தலாரைத் தாண்டித்தான் எமரால்டு போகணும். அந்த உரிமையில சொல்றேன், கேக்குறதும் கேக்காததும் உங்க இஷ்டம்.

மொதல்ல ஆளை எண்ணுங்க. "நான் ரெடி"ன்னு கட்டைவிரலைத் தூக்கினவனையெல்லாம் நம்பி வேன் பேசாதீங்க. ஆளுக்கு ஐநூறு ரூவா முன்பணம்னு ஒரு வார்த்தை போட்டுப் பாருங்க. அன்னைக்குத்தான் பாதிப்பேருக்குப் பாட்டி சாவா, மீதியில பாதிக்கு ஆபீஸ்ல ஆடிட்டு வரும். மிஞ்சுறவன்தான் வர்றவன். ரெண்டு மூணு கார்ல அடங்கிரும்.

போன்ல பழகினவங்க நேர்ல கூடக் கூடாதுன்னு நான் சொல்லல. இங்கே ஃபெர்ன்ஹில் பக்கம் நாராயண குருகுலம் இருக்கு, துறவி நித்ய சைதன்ய யதி இருந்த இடம். எழுத்தாளர் ஜெயமோகனோட வாசகருங்க அங்கே வந்து கூடி, நாள்கணக்குல கம்பனையும் கதையையும் பேசிட்டுப் போயிருக்காங்க. பலபேரு இணையத்துல படிச்சுப் பழக்கமானவங்கதான். ஆனா அங்கே நேரத்துக்கு வரணும், உக்காந்து கேக்கணும். உங்க குரூப்புல நேரத்துக்கு வர்றது "குட் மார்னிங்" மட்டும்தானே!

மெட்ராசுக்காரங்க ராத்திரி பத்து மணிக்குக் கிளம்புறாங்களாம். ரொம்ப நல்லது. 560 கிலோமீட்டர் சொச்சம், விடிய விடிய ஓட்டலாம். தூக்கம் வந்தா என்ன, பர்லியாறு வளைவுல ஒரு கண்ணு அசந்துக்கலாம், கீழே பள்ளம் மெத்தையாட்டம் இருக்கும். அட, மேட்டுப்பாளையம் வரைக்கும் எல்லாரும் சூரன்தான். அதுக்கப்புறம் அம்பது கிலோமீட்டருக்குள்ள ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர் ஏறணும். குன்னூருக்குள்ள பதினாலு கொண்டை ஊசி. மேட்டுப்பாளையத்துல நாலு புரோட்டாவைச் சால்னாவுல ஊறவெச்சுத் தின்னுட்டு ஏறினவன் ஆறாவது வளைவுல ஜன்னலைத் தேடுவான். போட்டோவுல புலியா இருந்தவனாச்சேன்னு பார்க்காதீங்க, அவனை முன்சீட்டுல உக்கார வெச்சு கையில ஒரு எலுமிச்சம்பழத்தைக் குடுத்திருங்க.

ஓட்டுறவனுக்கு ரெண்டு வார்த்தை. மேலே ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி. எறங்குறவன் ஒதுங்கி நிக்கணும். ஏறின கியர்லயே எறங்கணும். நியூட்ரல்ல விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற கெட்டிக்காரன் பிரேக்கை மிதிச்சு மிதிச்சு, பாதி வழியில ரப்பர் கருகுற வாசனையோட ஓரமா நிப்பான். பொகையுதேன்னு சக்கரத்து மேல தண்ணிய ஊத்திராதீங்க. சும்மா அரைமணி நிறுத்துங்க, தானா ஆறும்.

கோயமுத்தூர்க்காரங்களுக்கு மேப்பு ஒரு குறுக்கு வழி காட்டும்: காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை, மஞ்சூர். கூட்டம் இருக்காது, நெசந்தான். நாப்பது சொச்சம் வளைவு, போன்ல கோடு ஒண்ணும் நிக்காது, எதிர்ல யானை நின்னா அதுக்கு ஹாரனும் தெரியாது, ஓட்டெடுப்பும் தெரியாது. பெங்களூர்க்காரங்க பந்திப்பூர் கேட்டுல ராத்திரி ஒம்பது மணிக்கு முன்னாடி நுழைஞ்சிரணும். தப்பினா காலையில ஆறு மணி வரைக்கும் கேட்டுக்கு வெளியதான் பிக்னிக். மசினகுடி வழியா கல்லட்டி ஏறினா முப்பத்தாறு வளைவு. எறங்குறதுக்கு வெளியூர் வண்டிய அந்தப் பக்கம் விடமாட்டாங்க.

மலை ஏறுற வண்டிக்கு இ-பாஸ் போட்டாச்சா? 2024 மே 7-லேர்ந்து ஐகோர்ட்டு உத்தரவு. 2025 சீசன்ல ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுன்னா 8,000-னு கணக்கு வெச்சாங்க. காசு கேக்கல, போன்ல தட்டினா வந்துரும். நாள் பூரா போனைத் தட்டுற உங்களுக்கு இது ஒண்ணு மட்டும் மறந்துரும்.

தேதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஆகஸ்ட் 15 லீவை ஒட்டி, ஓட்டெடுப்புல ஏகமனதா! எங்க பக்கம் தென்மேற்குப் பருவம் வெளுத்து வாங்குற மாசம். 2019 ஆகஸ்ட்டுல எமரால்டுக்கு அடுத்த அவலாஞ்சியில ஒரே நாள்ல எண்பது சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. மெட்ராசுல ஒரு வருசத்துக்குப் பெய்யறதுல பாதிக்கு மேல அது. மண்ணு சரிஞ்சு ரோடு போச்சு, தோட்டம் போச்சு. நீங்க பாய் விரிச்சு, புளிசாதம் பிரிச்சு, செல்பி எடுக்கிறதுக்கு மழை கொஞ்சம் தள்ளிப் பெய்யணும்னா அதுக்கும் ஒரு ஓட்டெடுப்பு போட்டுப் பாருங்க. இல்லைன்னா பிப்ரவரியில வாங்க. விடியக்காலம் புல்லு மேல உறைபனி உப்பாட்டம் கிடக்கும், பத்து மணிக்கு மேல வெயில் சுள்ளுன்னு இருக்கும்.

பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு வராதீங்க, செக்போஸ்டுல பிடுங்கிருவான். எவர்சில்வர் பாட்டில் போதும். தண்ணியப் பார்த்ததும் குதிக்கிற ஆசை வரும். கனடா நாட்டு உதவியோட கட்டின குந்தா மின்திட்டத்து அணை அது, கரண்டு எடுக்க வெச்சிருக்காங்க, உங்களை எடுக்க ஆள் வெக்கல. அவலாஞ்சி காட்டைச் சுத்திப் பார்க்க உங்க காரு போகாது, வனத்துறை வண்டியிலதான் போகணும். தேயிலைக்குள்ள காட்டெருமை மேஞ்சா பக்கத்துல போய் போட்டோ எடுக்காதீங்க; அது எந்த குரூப்புலயும் இல்ல.

பசிச்சா எங்க வீட்டுக்கு வாங்க. களி கிண்டி, அவரெ உதக்க, அதான் எங்க பக்கத்து அவரைக் குழம்பு, வெக்கச் சொல்றேன். ஊட்டி வர்க்கியும் டீயும் உண்டு. ஒண்ணு மட்டும்: வர்றப்ப டிக்கிய காலியா வெச்சுக்கங்க. கேரட்டு அறுவடை நடக்குது, லாரிக்காரன் வாடகைய ஏத்திட்டான். நீங்க எறங்குற வழியிலதானே மேட்டுப்பாளையம் மண்டி, காருக்கு ஒரு மூட்டைன்னா பெரிய பாரமில்ல. கேரட்டை வாங்கிக்க அங்கே ஆளுக்கு நான் சொல்லிட்டேன். உங்களைக் கேட்டுட்டுச் சொல்லலாம்னுதான் இருந்தேன், ஓட்டெடுப்பு முடியறதுக்குள்ள கேரட்டு வாடிரும்.