அரசு நடத்தாத கணக்கெடுப்பின் முடிவுகள்

அனுப்புநர்:
அரசுப் பதிவேட்டில் ‘குடியிருப்புப் பகுதி’ என்று குறிக்கப்பட்ட ஒரு தெருவின் மக்கள், சென்னை.

பெறுநர்:
ஒலி மாசைக் கட்டுப்படுத்தும் பொறுப்பிலுள்ள உயர் அதிகாரி அவர்கள்.

பொருள்: மோட்டார் சைக்கிள் இரைச்சல் – மக்கள் கருத்தறிதல் – நாங்களே நடத்தி முடித்தது – அறிக்கை சமர்ப்பித்தல் – தொடர்பாக.

பார்வை: ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

2011-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 7 நகரங்களில் 70 இடங்களில் கருவி வைத்து இரைச்சலை அளக்கிறீர்கள். சென்னைக்கு மட்டும் 10 இடம். தியாகராய நகர் உண்டு, பெரம்பூர் உண்டு, திருவல்லிக்கேணி உண்டு. எங்கள் தெரு இல்லை. தங்கள் பணிச்சுமையைக் குறைக்கும் நல்லெண்ணத்தில், ஒரு கோடு போட்ட நோட்டுடன் நாங்களே வீடு வீடாகப் போய் மக்கள் கருத்தைக் கேட்டுவிட்டோம்.

முதல் கேள்வி: மோட்டார் சைக்கிள் இரைச்சல் உங்களுக்குத் தொந்தரவாக உள்ளதா? எல்லா வீட்டிலும் ‘ஆமாம்’. தேர்தலில்கூட இந்தத் தெரு இப்படி ஒன்றுபட்டதில்லை.

இரண்டாம் கேள்வி: யாருடைய வண்டி?

மாடி வீட்டு அம்மா: “எதிர் வீட்டுப் பையனோடதுதான் சார். காது கிழியுது.” அவர் மகன் சைலன்சரில் சத்தத்தைக் குறைக்கும் டிபி கில்லரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவதைப் பற்றிக் கேட்டோம். “அது வண்டி கம்பீரம் சார். தூரத்துல வரும்போதே அவன் வர்றான்னு தெரிஞ்சு தோசைக்கல்லை அடுப்புல போட்டுடுவேன்.”

எதிர் வீட்டுக்காரர்: “எங்க பையன் ஷிப்ட் முடிச்சு ராத்திரி வர்றான், பாவம். மாடி வீட்டுக்காரன்தான் வேணும்னே முறுக்குறான்.”

கோடி வீட்டுப் பெரியவர் புல்லட் வைத்திருக்கிறார். 1955-இல் இந்த ஊரில் உருவாகத் தொடங்கிய வண்டி என்பதால், அதன் சத்தம் பாரம்பரியச் சின்னங்களில் சேரும் என்பது அவர் துணிபு. “இது டப் டப்னு பேசும். இந்தக் காலத்துப் பசங்க வண்டிதான் கத்துது.”

கல்லூரி மாணவர் ஒருவர் அறிவியலோடு வந்தார். “சத்தம் இருந்தாதான் அண்ணா லாரிக்காரன் ஒதுங்குவான். சேஃப்டி.” சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்த்திருக்க, முன்னால் போகும் லாரிக்காரர் எப்படி ஒதுங்குவார் என்றோம். எங்கள் தெருவுக்குள் லாரியே நுழைய முடியாது என்பதையும் சொன்னோம். ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுப் போனார். அதையே பதிலாக எழுதிக்கொண்டோம்.

கைக்குழந்தையோடு இருக்கும் பெண் மட்டும் ஆளை அடையாளம் சொன்னார். சொல்லிவிட்டு, “பேரு எழுதாதீங்க. அந்தத் தம்பிதான் எங்களுக்குத் தண்ணி கேன் போடுறாரு” என்றார்.

ஆக, முடிவு: எங்கள் தெருவில் இரைச்சல் உண்டு, இரைச்சல் போடுபவர் யாரும் இல்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து போடுகிறார்கள் என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். அவர்களும் இதே போல ஒரு நோட்டுப் போட்டிருப்பதாகக் கேள்வி.

தெருவைத் திட்டிவிட்டுத் தங்களைப் புகழாமல் விடுவது முறையல்ல. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 என்பது விதி. ஆனால் அந்த வரம்பை 10 டெசிபலாவது தாண்டினால்தான் புகார் கொடுக்கலாம் என்கிறது விதி 7. டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. சட்டம் அனுமதித்ததைப் போல் பத்து மடங்கு காதில் விழுந்தால்தான் எங்களுக்கு வாய் திறக்கும் உரிமை. பொறுமையை இதைவிடச் சிறப்பாக எந்தச் சாமியாரும் போதித்ததில்லை. இரவு நேரத்துக்கு விதித்த தடையை யாராவது மீறினால் இந்தக் கணக்கில்லாமலே புகார் செய்யலாம் என்று அதே விதி சொன்னதும் மகிழ்ந்து, அந்தத் தடைகளைச் சொல்லும் 5ஏ விதியைப் புரட்டினோம். ஹாரன் இருக்கிறது, வெடி இருக்கிறது, கட்டுமான இயந்திரம் இருக்கிறது. சைலன்சர் இல்லை.

தாங்கள் வைக்கும் கருவியும் மகா கண்ணியமானது. இரவு முழுவதற்கும் ஒரு சராசரி எண் தரும். அந்த எண்ணை ஏற்றியது விடிய விடிய ஓடிய ஜெனரேட்டரா, 2 மணிக்குப் பட்டாசு போல வெடித்தபடி போன ஒற்றை வண்டியா என்று காட்டிக்கொடுக்காது.

சட்டத்தில் பல் இல்லை என்று சொல்ல மாட்டோம். 175 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்குத் தயாரிப்பு நிலையில் விதித்த உச்சவரம்பு 80 டெசிபல். சாலையில் இரைச்சல் விதியை மீறினால், மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவ்வப்போது பறிமுதல் செய்த இரைச்சல் சைலன்சர்களை வரிசையாகப் படுக்கவைத்து ரோடு ரோலர் ஏற்றும் படங்களையும் பத்திரிகையில் பார்க்கிறோம். ரோலருக்கு வேலை கொடுக்கும் அந்தச் சைலன்சர்கள் எந்தக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால், எந்த விலைச்சீட்டோடு தொங்கின என்பதுதான் படத்தில் வருவதில்லை.

எனவே எங்கள் பணிவான கோரிக்கைகள்:

1. எங்களிடம் கருத்துக் கேட்காதீர்கள். எங்கள் கருத்து, வண்டி யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

2. புகைச் சான்றுக்காகப் போகும்போது வண்டியின் குழாய்க்குள் கம்பியை விட்டுப் புகையை அளக்கிறார்கள். அதே குழாயிலிருந்து வரும் சத்தத்தை அங்கே யாரும் அளப்பதில்லை. பக்கத்திலேயே ஒரு ஒலிமானியை வைத்து, புகைக்கும் சத்தத்துக்கும் சேர்த்தே சான்று கொடுங்கள். மானிக்கு மாடி வீடும் எதிர் வீடும் தெரியாது. தண்ணீர் கேனும் வேண்டாம்.

3. இரைச்சல் சைலன்சர் பொருத்தியவனைத் தேடும் நேரத்தில் பாதியை, அதை விற்றவரையும் பொருத்திக் கொடுத்தவரையும் தேடச் செலவிடுங்கள். அவர்கள் ஓடும் வண்டியில் தப்புவதில்லை. கடைப் பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

4. இவற்றில் எதுவும் முடியாதென்றால், விதி 7-இல் உள்ள 10 டெசிபலை 20 ஆக்கிவிடுங்கள். புகார்கள் இன்னும் குறையும். நகரம் அமைதியாகிவிட்டதாக ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையெழுத்துப் போட்டால் யார் என்று தெரிந்துவிடும் என்று அனைவரும் மறுத்துவிட்டதால், கையொப்பமின்றி)
தெரு மக்கள்.

நகல்: பக்கத்துத் தெருவுக்கு, தகவலுக்காக.